வணிகர் சந்தாவில் வளர்ந்த வாத்தியக் குழு

கச்சேரி வைப்பது அரசர்களும் செல்வந்தர்களும் செய்யும் காரியம், கடை வைத்திருப்பவருக்கு அதில் என்ன வேலை என்று நினைப்பவர் உண்டு. ஜெர்மனியில் உள்ள லைப்சிக் நகரின் வரலாறு அந்த எண்ணத்தை மாற்றும்.

லைப்சிக் பழைய வியாபார ஸ்தலம். இரண்டு பெருவழிகள் சந்திக்கும் ஊர். 1497ஆம் ஆண்டிலேயே அதன் சந்தைகளுக்கு மன்னர் மாக்ஸிமிலியன் தனி உரிமை வழங்கினார். ஆனால் அரசவை இருந்தது டிரெஸ்டன் நகரில். ஆகவே வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க லைப்சிக்கில் அரண்மனை இல்லை.

1743 மார்ச் 11 அன்று, பிரபுக்களும் சாதாரணக் குடிமக்களுமாக 16 பேர் கூடி 'பெருங்கச்சேரி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஆண்டுச் சந்தா 20 தாலர். தாலர் என்பது அக்கால வெள்ளி நாணயம். மூன்று மாதத்துக்கு ஒரு பொற்காசு வீதம் நான்கு தவணை. ஆக மொத்தம் ஆண்டுக்கு 320 தாலர் வரவு. வாசித்தவர்களும் 16 பேரே. இன்று 'சேம்பர் ஆர்கெஸ்ட்ரா' என்று சொல்லப்படும் சிறு குழுவின் அளவு அது. முதலில் ஒருவர் வீட்டில் கச்சேரி நடந்தது. சில வாரங்களிலேயே இடம் போதாமல் ஒரு புத்தக வியாபாரியின் வீட்டுக்கு மாறியது. மறு ஆண்டு 'மூன்று அன்னங்கள்' என்ற விடுதிக்குப் போனது.

இதன் பலம் தவணையில் இருக்கிறது. அன்றன்று வரும் கூட்டத்தை நம்பியிருந்தால், மழை பெய்த நாளில் வாத்தியக்காரர் வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும். ஆண்டு முழுவதற்கும் சந்தா உறுதியானதால் வரப்போகும் கச்சேரிகளுக்கும் உறுதி கிடைத்தது.

சோதனையும் வந்தது. 1756இல் மூண்ட ஏழாண்டுப் போரில் கச்சேரிகள் நின்றன. 1763இல் ஹில்லர் என்ற இசைக் கலைஞர் மீண்டும் தொடங்கினார். 1781 நவம்பர் 25இல், துணி வணிகர்களின் மாளிகையில் மேல்தளத்தில் கட்டிய புதிய மண்டபத்துக்குக் குழு குடிபுகுந்தது. சுமார் 500 பேர் அமரலாம். ஜெர்மன் மொழியில் அந்த மாளிகைக்கு 'கெவாண்ட்ஹவுஸ்', அதாவது துணி மாளிகை என்று பெயர். குழுவுக்கும் அதுவே பெயராக நிலைத்தது.

பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோ 1811இல் அங்கேதான் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் அரங்கேறியது. 1835இல் பொறுப்பேற்ற மெண்டல்சோன் ஒரு பாங்கரின் மகன். வாத்தியக்காரர்களின் சம்பளத்தை உயர்த்தவும் அவர் பாடுபட்டார். 1884இல் கட்டிய இரண்டாவது மண்டபம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையானது. 1981இல் மூன்றாவது மண்டபம் எழுந்தது.

இன்று அந்தக் குழுவில் 180 பேருக்கு மேல் இருக்கிறார்கள். லைப்சிக் நகர நிர்வாகம் அதை நடத்துகிறது. வரும் பருவத்தின் கச்சேரிகளை முன்னதாகவே அறிவித்து, தொடர் கச்சேரிகளுக்குச் சந்தாதாரர் சேர்க்கும் முறை மட்டும் மாறவில்லை.

மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டிய வழிவந்த நமக்கு இது புதிய பாடம் அல்ல. பொதுக் காரியம் எதுவானாலும், விழா முடிந்த பிறகு நன்கொடைக்கு அலைவதைவிட, சிறு தொகையானாலும் தவணை தவறாமல் முன்கூட்டியே சேர்ப்பது மேல். இரண்டு போர்கள் குறுக்கிட்டும், மண்டபமே இடிந்தும், 16 பேர் தொடங்கிய அந்தக் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.