‘றெவலூஷன்’: மீள்வைக் குறித்த சொல் மாற்றத்தைக் குறித்த வரலாறு

ஒரு சொல்லின் பொருள் மாற்றத்துக்கான காரணத்தை அகராதிக்குள் மட்டும் தேடுதல் போதாது. நாம் ‘புரட்சி’ என மொழிபெயர்க்கும் ‘றெவலூஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். புதியதொரு சமுதாய அமைப்பின் தோற்றத்தை இன்று உணர்த்தும் இச்சொல், தொடக்கத்திற் பழையது மீண்டு வருதலையே உணர்த்திற்று.

இதன் மூலமான இலத்தீன் வினை, மீள உருட்டுதல் எனப் பொருள்படும். 1543இல் வெளிவந்த கொப்பனிக்கசின் வானியல் நூல், வானகக் கோளங்களின் சுற்றுகை என்னும் பொருளிலேயே இச்சொல்லைத் தலைப்பிற் கொண்டிருந்தது. பூமி ஞாயிற்றைச் சுற்றுவதையும் இயந்திரச் சில்லின் சுழற்சியையும் குறிக்கையில் அப்பொருள் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றது.

அரசியலிலும் இதுவே முதல் வழக்காயிற்று. 1649இல் முதலாம் சாள்ஸ் மன்னன் கொல்லப்பட்டு முடியாட்சி ஒழிக்கப்பட்டமை நமது நோக்கிற் புரட்சியே. ஆயின், அரசசார்பினரான கிளறென்டன் பிரபு தம் வரலாற்று நூலில் அதனைக் ‘கலகம்’ என்றார். 1660இல் மன்னனின் மைந்தன் அரியணையேற, அதிகாரம் பாராளுமன்றத்தினதும் குறொம்வெல்லினதும் கைகளினூடாகச் சென்று அரச குடும்பத்திடமே மீண்ட அவ்வட்ட இயக்கத்தை ஹொப்ஸ் ‘றெவலூஷன்’ என்றார். 1688ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றமும் அப்பெயரையே பெற்றது. அதனைத் தொடர்ந்த 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், தான் நிலைநாட்டுவன தொன்மையான உரிமைகளே என்றது. உடைமை வர்க்கத்தின் புதிய அதிகாரம் பழமையின் பெயராலேயே நியாயப்படுத்தப்பட்டது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1789இல் பிரான்சிய மக்கள் வரலாற்றரங்கிற் புகுந்த பின்னரே, மீளமுடியாத மாற்றம் என்னும் பொருள் மேலோங்கிற்று. எனினும் அப்புரட்சியாளரும் உரோமரின் வேடத்தைப் பூண்டமையை மார்க்ஸ் 1852இற் சுட்டிக்காட்டினார். வருங்காலப் புரட்சி, இறந்தகாலத்திடம் மொழியை இரவல் பெறலாகாது என்பதே அவர்தம் கருத்து.

தமிழிலோ நிலைமை வேறு. ‘புரள்’ என்னும் அடியிற் பிறந்த ‘புரட்சி’ கீழ்மேலாதலை உணர்த்துமேயன்றி மீள்வை உணர்த்தாது. 1917ஆம் ஆண்டின் ருஷ்ய எழுச்சியைப் பாடிய பாரதி அச்சொல்லை ஆண்டபோது, ஐரோப்பாவில் அதன் நவீனப் பொருள் நிலைபெற்றிருந்தது. ஆகவே, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் ‘றெவலூஷன்’ வருமிடமெல்லாம் ‘புரட்சி’ எனப் பெயர்ப்போமாயின், முடியாட்சியின் மீட்சியை மக்கள் எழுச்சியாகக் காட்டிவிடுவோம். சொல்லைப் பெயர்க்குமுன் அதனை வழங்கிய காலத்தையும் வர்க்கத்தையும் அறிதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடனாகும்.