உங்களுக்குத் தெரியுமா? நள்ளிரவு 12:30-க்கு உளறிய ‘மேன்’!

2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால், திருப்பூர் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் வந்து சேர்ந்தது. அதன் டெர்மினலில் ‘மேன்’ என அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேடு திறக்கும். மக்கர் பண்ணினால்?

● வெளியேற முடியவில்லையா? எஸ்கேப், கன்ட்ரோல்-சி இரண்டுக்கும் அசையாது. ‘கியூ’ தட்டுங்கள்.

● நீளமான பக்கமா? சாய்கோடு போட்டு, தேடும் சொல்லை அடித்து என்டர் தட்டுங்கள். அடுத்த இடத்துக்கு ‘என்’.

● ‘நோ மேனுவல் என்ட்ரி’ என்கிறதா? ‘சிடி’ போன்றவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. ‘ஹெல்ப் சிடி’ என்று கேளுங்கள்.

● ‘மேன் -கே’ தேடலில் எதுவுமே சிக்கவில்லையா? நிர்வாகி உரிமையோடு ‘மேன்டிபி’யை ஓட்டுங்கள், அட்டவணை புதுப்பிக்கப்படும்.

நைட் ஷிப்டில் சரியாக 12:30-க்கு வெறும் ‘மேன்’ என்று அடித்தவர்களுக்கு ஒருகாலத்தில் ‘கிம்மீ கிம்மீ கிம்மீ’ என்று பதில் வந்தது. வைரஸ் அல்ல, ‘ஆபா’ குழுவின் பாட்டை வைத்து 2011-இல் நுழைத்த குறும்பு. தானியங்கிச் சோதனைகளை அது கெடுத்ததால் 2017-இல் தூக்கிவிட்டார்கள்!