ஃபார்ம் 16-ல ஒரே ஒரு இலக்கத்தை மாத்தினா என்ன ஆகும்? பகா எண் சொல்லும் பதில்



போன வாரம் ராஜபாளையத்துல என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தினமும் பஸ் ஏறி இங்க ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்கு வர்றவர். வீட்டுக் கடனுக்கு அலைஞ்சிட்டிருக்கார்.

"சார், ஃபார்ம் 16-ல வருஷச் சம்பளம் 4.2 லட்சம். அதை 6.2 லட்சம்னு மாத்தித் தர்றேன், லோன் ஈஸியா கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றார். ஒரு இலக்கம்தானே, யாருக்கு சார் தெரியப் போகுது?"

தெரியும் தம்பி. காட்டிக் கொடுக்கப் போறது ரெண்டு பெரிய பகா எண்கள்.

ஸ்கூல்ல படிச்சதுதான்: 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாம வகுபடுற எண், பகா எண். 89-ஐயும் 97-ஐயும் பெருக்குங்க. அரை நிமிஷத்துல 8,633 வந்துடும். இப்ப திருப்பிக் கேட்கிறேன்: 8,633-ஐ மட்டும் கொடுத்தா, அந்த ரெண்டு எண்ணைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 3, 7, 11, 13-னு வகுத்துப் பார்த்துட்டே போகணும்.

பெருக்குறது சுலபம், பிரிக்கிறது கஷ்டம். 1977-ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூணு பேரும் இதை வச்சுத்தான் ஆர்எஸ்ஏ முறையை உருவாக்கினாங்க. 2048 பிட் சாவியில ஒவ்வொரு பகா எண்ணும் 300 இலக்கத்துக்கு மேல. பெருக்கினா 617 இலக்கம் வரை வரும்.

அவ்வளவு பெரிய பகா எண் கிடைக்குமா? தாராளமா. அந்த அளவுல சராசரியா 710 எண்ணுக்கு ஒண்ணு பகா எண். ஒரு எண் பகா எண்தானானு சோதிக்கவும் வேகமான வழிகள் இருக்கு. 2002-ல ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு வழியைக் கொடுத்தாங்க. ஆனா பிரிக்கிறது? 2020-ல 250 இலக்க எண்ணைப் பிரிக்கவே ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் மாசக்கணக்கில ஓடின.

இனி உங்க ஃபார்ம் 16. கம்பெனி டிஜிட்டல் கையெழுத்துப் போடும்போது, மொத்த ஃபைலில் இருந்தும் கைரேகை மாதிரி ஒரு எண் எடுக்கப்படும். ரகசியச் சாவியால அது பூட்டப்படும். சரிபார்க்கிற சாவி எல்லார்கிட்டயும் இருக்கும். பூட்டுற சாவி கம்பெனிகிட்ட மட்டும்தான். 4-ஐ 6 ஆக்கினா கைரேகை மாறிடும், கையெழுத்து செல்லாதுனு ஃபைலே சொல்லிடும். புதுசா பூட்டணும்னா அந்தப் பகா எண்கள் வேணும்.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தா? பேங்க் 26ஏஎஸ் கேட்கும், அங்க மாட்டும். போலி ஆவணம் கொடுக்கிறது கிரிமினல் குற்றம்.

கையெழுத்து மேல கேள்விக்குறி வந்தா பயப்படாதீங்க. சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தை உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியலைனு அர்த்தம். ஃபைல் போலினு அர்த்தமில்ல. கையெழுத்தைக் க்ளிக் பண்ணி யார் போட்டது, ஃபைல் அப்புறம் மாறியிருக்கானு பாருங்க. வீடியோவுல செஞ்சே காட்டியிருக்கேன்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: வேலைக்குப் போற மனைவியையும் கடன்ல சேர்த்துக்கோங்க. ரெண்டு சம்பளம் சேர்ந்தா தகுதித் தொகை கூடும். நேர்வழியிலேயே!