கடல் கடந்த கல்விக்கு நாலுகால் துணை

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை நாம் பாலர் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆயினும், வீட்டு வாசலைக் காவல் செய்வதற்கு மேலாக அதனிடம் நாம் ஒன்றையும் எதிர்பார்ப்பதில்லை. விழிப்புலனற்ற ஒரு மாணவனை நாள்தோறும் நூல்நிலையத்துக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் வழிநடத்திச் சென்று, அவன் பட்டம் பெறும் நாள் வரை உடனிருக்கும் நாயும் உலகில் உண்டு என்றால் நம்மிற் சிலர் நகைக்கவுங் கூடும். ஆனால் மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் இது அதிசயமன்று.

இக்கலை போரின் பயனாய்ப் பிறந்தது. முதலாம் உலகப் போரிலே கண்ணிழந்து மீண்ட ஜேர்மனியப் போர்வீரர் பலர். அவர்களுக்கென 1916ஆம் ஆண்டில், ஓல்டன்பேர்க் நகரில், டொக்டர் ஸ்டாலிங் என்பவர் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் முதற் பள்ளியை நிறுவினார். அதனை உலகறியச் செய்தவர் டொரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க மாது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அவர், ஜேர்மனியில் தாம் கண்டதை 1927ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்.

நாஷ்வில் நகரத்து இளைஞன்

அக்கட்டுரையைத் தந்தை வாசிக்கக் கேட்டான் மொறிஸ் பிராங்க் என்னும் இருபது வயது நிரம்பாத இளைஞன். ஆறு வயதில் ஒரு கண்ணையும் பதினாறு வயதில் மற்றக் கண்ணையும் விபத்துக்களால் இழந்தவன் அவன். வாண்டர்பில்ட் சர்வகலாசாலையிலே படித்துக்கொண்டிருந்தான். வெளியே செல்வதற்குக் கூலிக்கு ஒரு பையனை அமர்த்தியிருந்தான். அப்பையனுக்கோ அலுப்புத் தட்டினால் வேலை கெட்டுவிடும். தன் கால் செல்லும் இடத்தைத் தானே தீர்மானிக்க முடியாத வாழ்வு எத்துணைக் கசப்பானது என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். எனக்கொரு நாய் கிடைக்குமானால், திரும்பி வந்து என்னைப் போன்றோர்க்கும் அவ்வழியைக் கற்பிப்பேன் என்ற கருத்தில் அம்மாதுக்குக் கடிதம் எழுதினான்.

1928இல் அவன் தனியே கப்பலேறினான். பிரயாணி என்று மதிக்கப்படாமல், ஒரு பொதியைப்போலக் கைமாற்றி ஒப்படைக்கப்பட்டே அவன் சுவிட்சர்லாந்து சேர்ந்தான். அங்கே 'பட்டி' என்று அவன் பெயர் சூட்டிய ஜேர்மன் ஷெப்பேர்ட் பெண் நாயோடு பயிற்சி பெற்றான். அதே ஆண்டு ஜூன் மாதம் நியூயோர்க்கில் வந்திறங்கியபோது, பத்திரிகை நிருபர்கள் பார்த்திருக்க, வாகனங்கள் இரைந்தோடும் அகன்ற வீதியொன்றைப் பட்டியின் துணையால் கடந்து காட்டினான். யூஸ்டிஸ் மாதுக்கு அவன் அனுப்பிய தந்தியில் 'வெற்றி' என்னும் பொருள்படும் ஒரே சொல் இருந்தது. போகும்போது பொதி, வரும்போது மனிதன்! அடுத்த ஆண்டு, 1929 ஜனவரியில், 'சீயிங் ஐ' என்னும் பள்ளி நாஷ்வில் நகரில் தோன்றிற்று. பிரித்தானியாவில் 1931இல் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் சேவைக்கு வந்தன.

நாய்க்கு என்ன தெரியும்?

'நூல்நிலையத்துக்குப் போ' என்றால் நாய் தானே கூட்டிச் செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வழி தெரிந்திருக்க வேண்டியவன் மனிதனே. எத்தனையாவது சந்தியில் திரும்புவது என்பதை அவன் மனத்தில் வரைந்து வைத்திருக்க வேண்டும். இடம், வலம், நேரே என்று அவன் கட்டளையிட, நாயானது தூண்களையும் குழிகளையும் விலக்கி, படியும் பாதையோரமும் வந்தவிடத்து நின்று, அவனை இட்டுச் செல்லும். அதன் முதுகிற் பூட்டிய கச்சையின் விறைத்த கைபிடி வழியே அதன் ஒவ்வோர் அசைவும் அவன் கைக்குத் தெரிந்துவிடும். வீதி விளக்கின் நிறத்தை நாய் பார்த்து நடப்பதில்லை. வாகன ஓசையைக் கேட்டுத் தருணம் அறிபவனும் மனிதனே.

அவன் கணக்குத் தப்பி, வாகனம் வருகையில் 'முன்னே செல்' என்றால்? நாய் அசையாது. சொற்கேளாப் பிள்ளையை நாம் கண்டிப்போம். ஆனால் தக்க வேளையில் சொற்கேளாமையே இந்த நாய் கற்ற கல்வியின் முடிமணி!

ஏறத்தாழ ஒரு வயது வரை தொண்டர் வீடுகளில் வளர்ந்து, பின் பல மாதம் பயிற்சி பெற்று, நடையின் வேகமும் குணமும் பொருந்தும் ஒருவருக்கே நாய் அளிக்கப்படுகிறது. அதன்பின் இருவரும் சில வாரம் சேர்ந்து பயில வேண்டும். இதற்கு ஆகும் செலவு பெரிது. எனினும் 'சீயிங் ஐ' பள்ளி முதல் நாய்க்கு 150 டொலரே வாங்கி வந்தது. எஞ்சியதைக் கொடையாளர் தாங்கினர். இனாமாகப் பெற்றோம் என்ற தாழ்வு மனம் வரலாகாது என்பதற்காகவே அந்தச் சிறு கட்டணம்.

வாசலில் ஒரு தடை

சுவர்க்க வாசலில், 'நாயை விட்டுவிட்டு வா' என்று சொல்லப்பட்டபோது தருமபுத்திரர் மறுத்து நின்ற கதையை நாம் அறிவோம். நாயோடு நடந்த மாணவர்களும் எத்தனையோ உணவுச்சாலை, புகையிரத வாசல்களில் அச்சொல்லைக் கேட்டே நின்றனர். மொறிஸ் பிராங்க் ஊரூராகச் சென்று வாதாடினார். 1935இல் அமெரிக்கப் புகையிரதங்கள் யாவும் இந்நாய்களுக்கு இடமளித்தன. இன்று அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டமும், பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் இம்மாணவர்க்கு அரணாய் உள்ளன. பிரித்தானியாவில் வாடகைக் கார் சாரதி நாய்க்கென மேலதிகக் கூலி கேட்பதும் குற்றம்.

ஆனால் கடல் கடப்பது வேறு கதை. விசர்நாய்க்கடி நோய்க்கு அஞ்சி, அந்நிய நாட்டு நாய்களைப் பிரித்தானியா ஆறு மாதம் தனிமைக் கூண்டில் அடைத்து வைத்தது. ஓராண்டுப் படிப்புக்குப் போகும் மாணவன் அதிற் பாதியைக் கண்ணான துணையின்றிக் கழிப்பதெங்ஙனம்? 2000ஆம் ஆண்டில் இவ்விதி தளரத் தொடங்கியது. இப்போது தோலடியில் அடையாளச் சில்லு, தடுப்பூசி, நாடாப்புழு மருந்து ஆகியவற்றுக்குச் சான்று இருந்தால் பல நாடுகளிலிருந்து நாயை நேரே கொண்டு செல்லலாம். நம் நாட்டைப் போன்ற இடங்களிலிருந்து செல்லும் நாய்க்கு இரத்தப் பரிசோதனையும், இரத்தம் எடுத்தபின் மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு. ஆகவே, சர்வகலாசாலை அனுமதிக் கடிதம் வரும்வரை பொறாது, முன்னதாகவே ஆயத்தம் செய்பவரே புத்திசாலிகள்.

புதிய ஊரில்

போய்ச் சேர்ந்த பின்னும் சோதனைகள் உள. நாய்க்கு அவ்வூர் புதிது, மாணவனுக்கும் புதிது. தவணை தொடங்குமுன் ஒருவர் உடன் நடந்து ஒவ்வொரு பாதையையும் பழக்க வேண்டும். வாகனம் இடப்பக்கமாய் ஓடும் நாட்டிற் பிறந்தவன் அமெரிக்கா சென்றால், காது பழகிய திசைகளெல்லாம் தலைகீழாகிவிடும். பனி பெய்தாலோ பாதையோரம் மறையும், ஓசைகள் மங்கும், வீதியில் தூவும் உப்பு நாயின் பாதத்தை எரிக்கும். அதற்கெனச் சிறு பாதணிகளும் உண்டு!

பணத்தையும் எண்ண வேண்டும். அங்கவீன மாணவர்க்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் உதவிப்பணம் பொதுவாக வெளிநாட்டவர்க்கு இல்லை. ஆனால் தகுந்த வசதிகளைச் செய்து கொடுக்கும் கடமை சர்வகலாசாலைக்கு எல்லா மாணவர் பொருட்டும் உண்டு. இதை அறிந்து எழுத்தில் கேட்டுக்கொள்வது நன்று.

சக மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. கச்சை பூட்டிய நாய் வேலையில் இருக்கிறது. அதைத் தடவுவதும், பெயர் சொல்லி அழைப்பதும், பிஸ்கட் நீட்டுவதும் அன்புபோலத் தோன்றும். ஆனால் அக்கணத்தில் அதன் கவனம் சிதறினால் அடிபடுபவன் அதன் எஜமானன்.

எல்லார்க்கும் நாயே வழி என்று நாம் சொல்லவில்லை. லாகூரிற் பிறந்து, நான்கு வயது நிரம்புமுன் நோயால் கண்ணிழந்த வேத் மேத்தா, 1949இல் பதினைந்து வயதில் தனியே அமெரிக்கா சென்றார். பின்னர் ஒக்ஸ்போர்ட்டிலும் ஹார்வார்டிலும் பயின்று புகழ்மிக்க எழுத்தாளரானார். அவர் நாயையும் நாடவில்லை, பிரம்பையும் ஏந்தவில்லை. செவியே அவருக்குத் துணை. சிலர்க்கு வெள்ளைப் பிரம்பே போதும். மேலும், நாய்க்கு உழைக்கும் காலம் எட்டாண்டு அளவே. பின் அது ஓய்வுபெற, இன்னொன்றோடு முதலிலிருந்து பழக வேண்டும். மொறிஸ் பிராங்க் பின்வந்த தம் நாய்களுக்கெல்லாம் பட்டி என்றே பெயரிட்டார் என்பதிலிருந்து அந்தப் பிரிவின் துயரை ஊகிக்கலாம்.

நம் ஊர்த் தெருக்களில் நடைபாதை குறைவு. கட்டாக்காலி நாய்களோ மிகுதி. வழிகாட்டி நாய் இங்கே நடமாடுவது எளிதன்று. ஆனால் பெற்றோர் ஆராய வேண்டியது அதற்கும் முந்திய ஒன்று. விழிப்புலனற்ற பிள்ளையை விழுந்துவிடும் என்று அஞ்சி வீட்டுக்குள் வைத்துக் காப்பது பாசந்தான். எனினும் வாழ்நாள் முழுதும் கைபிடித்துச் செல்ல எந்தத் தாய் தந்தையரால் இயலும்? சந்திக் கடைக்குத் தனியே போய்வரப் பழகிய பிள்ளையே நாளை சமுத்திரமும் கடக்கும். துணை நாயா, பிரம்பா, செவியா என்பதை அப்பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். நடக்க விடுவது நம் கடமை.