கொழுந்திலே சிவக்கும் மலை

குழந்தைகளே! காஷ்மீரத்துச் சினார் மரங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலைகள் மஞ்சளாகி, சிவந்து, மரமே தீப்பிடித்தது போல நிற்கும். பிறகு எல்லாம் உதிர்ந்துவிடும். "நம்ம நீலகிரியும் குளிர்ப் பிரதேசம்தானே, இங்கே ஏன் சார் அப்படி ஆவதில்லை?" என்று என் மாணவர்கள் கேட்பார்கள். இங்கேயும் இலை சிவக்கிறது. ஆனால், தலைகீழாக!

எங்கள் ஊரில் மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி அடர்ந்திருக்கும் காட்டைச் 'சோலை' என்போம். தூரத்திலிருந்து பார்த்தால் காலிபிளவர்களை நெருக்கி அடுக்கியது போலிருக்கும். இம்மரங்கள் ஒரேயடியாக இலை உதிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் பச்சைதான். பனி குறைந்து வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்து பாருங்கள். ஒரு மரம் செம்பு நிறம், அடுத்தது ரத்தச் சிவப்பு, அதற்கடுத்தது ரோஜா நிறம். பூத்திருக்கிறது என்றே வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பூவல்ல, அத்தனையும் தளிர்! நாவல் இனத்து மரங்களும், லவங்கப்பட்டை இனத்து மரங்களும் இதில் கெட்டிக்காரர்கள்.

காரணம் என்ன? சினார் இலைக்கு வயதாகும்போது அதிலுள்ள பச்சையம் சிதைகிறது. மற்ற நிறங்கள் தெரிகின்றன. சோலைத் தளிரிலோ பச்சையம் இன்னும் நிரம்பவே இல்லை. அதுவரை அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி அதற்குக் குடை பிடிக்கிறது. மலை உச்சியில் வெயில் சுள்ளென்று இறங்குமல்லவா? மெல்லிய தளிர் கருகாமல் அது காக்கிறது. பூச்சிகளையும் விலக்கும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

சோலைகளைச் சுற்றியிருந்த புல்வெளிகளில் வெள்ளையர் காலம் முதலே சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். சோலைகள் பலவும் தேயிலைத் தோட்டங்களாயின. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சோலை மரம் மெதுவாக வளரும். வெட்ட அரை நாள், வளர நம் ஆயுள் போதாது. கோத்தகிரி அருகே 116 ஹெக்டேரில் லாங்வுட் சோலை மிஞ்சியிருக்கிறது. கீழேயுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவது அதுதான். 2024-ல் அதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல் அது.

மலைக்கு வர முடியாதவர்கள் தெருவிலுள்ள மாமரத்தைப் பாருங்கள். மாந்தளிரின் செம்பு நிறமும் இதே வித்தைதான். ஒரு கொத்தில் நூல் கட்டி வைத்துத் தினமும் கவனியுங்கள். துவண்டு தொங்கும் தளிர் நிமிர நிமிர, காம்புப் பக்கமா, நுனிப் பக்கமா, எங்கே முதலில் பச்சை ஏறுகிறது?