செல்லடி ஓய்ந்தாலும் திடுக்கிடும் பிள்ளைகள்

1990இலும் 1991இலும் தீவுப்பகுதியில் நடந்த படை நடவடிக்கைகளால் வேலணைத் தீவின் ஊர்களில் இருந்த சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. நாரந்தனையிலிருந்து அன்று தாயின் இடுப்பிலே போன குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அதுவே இன்னொரு பிள்ளைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ இருக்கும். 2009இல் போர் முடிந்தபோது பிள்ளைகளின் மனவடுக் கணக்கு முடியவில்லை.

எப்படித் தெரியவரும்?

சின்னப் பிள்ளை "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து சொல்லாது. வயிற்றுக்குத்து, தலையிடி என்றுதான் சொல்லும். எட்டு வயதில் திரும்பவும் படுக்கையில் சலம் போகும். பட்டாசு வெடித்தால் மேசைக்குக் கீழே புகும். விளையாட விட்டால் செத்தவீடு நடத்தி விளையாடும். வளர்ந்த பிள்ளை எரிந்து விழும், படிப்பில் பின்தங்கும். பள்ளிக்கூடத்தில் 'குழப்படிகாரன்' என்ற பட்டம்தான் கிடைக்கும். பலருக்கு இவை தாமாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் நித்திரையும் சாப்பாடும் படிப்பும் கெட்டபடி இருந்தால் உதவி தேட வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் போர்

வடகிழக்கில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, போர், சுனாமி ஆகியவற்றோடு குடும்ப வன்முறையும் தனியாகவே பிள்ளையின் மனவடுவைக் கூட்டுகிறது என்று காட்டியது. தகப்பனின் குடி அந்த வன்முறையோடு சேர்ந்தே வந்தது. பங்கருக்குள் இருந்து தப்பிய பிள்ளை அடுப்படியில் அடி வாங்கினால் எந்த உளவளத்துணையும் எடுபடாது. என்னைக் கேட்டால், தகப்பனின் குடியை நிறுத்துவதும் சிறுவர் மனநலச் சிகிச்சைதான்.

தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள்

நடந்ததை ஒரே இருப்பில் முழுவதும் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. சர்வதேச உதவி அமைப்புகள் 2007இல் வெளியிட்ட வழிகாட்டி அதை வேண்டாம் என்கிறது. முதலில் பாதுகாப்பு, சாப்பாடு, பள்ளிக்கூடம். பிறகு உறவும் ஊரும். மனநல வைத்தியர் தேவைப்படுவது சிலருக்கே. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களுக்கு உளசமூகப் பயிற்சி கொடுத்ததும், மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் களிமண்ணும் வர்ணமும் நாடகமும் பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டதும் இந்த வழியில்தான்.

தீவுப் பிள்ளைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 1985 மே 15இல், நெடுந்தீவுச் சனம் போய்வந்த குமுதினிப் படகில் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் நெடுந்தீவுச் சனம் அதே கடலைத்தான் கடக்க வேண்டியிருந்தது. பயந்த பிள்ளையைப் படகுக்குள் தள்ளி ஏற்றக் கூடாது. முதலில் துறையடிவரை, பிறகு நம்பிக்கையானவரின் மடியில் என்று பழக்க வேண்டும்.

அப்பா எங்கே?

செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி என்று துக்கத்தை இறக்க எங்களிடம் முறைகள் உண்டு. காணாமற்போனவருக்கு அவை எதுவும் இல்லை. "அப்பா வெளிநாட்டில் நிக்கிறார்" என்று சொல்லிவைத்தால், பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தொலைபேசியைப் பார்த்திருக்கும். "எங்களுக்கும் தெரியாது குஞ்சு, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள்.

எங்கே போகலாம்?

ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் கேட்டால் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்களை அழைக்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையைப் பொத்தி வைக்காதீர்கள்.