காணியின் சத்தத்தைப் பதிந்து வைத்தல்

மாரித் தவளை கத்தத் தொடங்கிவிட்டால் வரம்பு கட்ட இனிப் பிந்தக்கூடாது. நடுச்சாமத்தில் ஆட்காட்டி வீரிட்டால் வயற்பக்கம் ஆளோ விலங்கோ நடமாடுகின்றது. பங்குனிக் கடைசியில் குயில் விடாமல் கூவினால் வருடப்பிறப்பு நெருங்குகின்றது. இவற்றை எங்கள் கமக்காரக் குடும்பங்களுக்கு எவரும் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. வயலிலும் வளவிலும் கிடந்த காது தானாகக் கற்றுக்கொண்டது.

இந்த அறிவு காணியோடு ஒட்டியது. 1990இலும் 1995இலும் பின்னர் 2009 வரையிலும் ஊரை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் காணி உறுதியையும் குடும்ப அட்டையையும் பையில் போட்டுக்கொண்டன. முடிந்தவர்கள் விதைநெல்லில் ஒரு சாக்கையும் ஏற்றினார்கள். சத்தங்களை எவரும் ஏற்றவில்லை. ஏற்றலாம் என்று நினைத்தவரும் இல்லை. முகாமிலும் உறவினர் வளவிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் நன்றாகத் தெரியும். மழை விட்ட பிறகு வயல் முழுவதிலும் எழும் இரைச்சல் தெரியாது.

உயிர் தப்பியதே பெரிது, குருவிச் சத்தம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆயினும் காணிக்குத் திரும்பிய ஒரு குடும்பம் அங்கே எது உயிருடன் இருக்கின்றது, எது போய்விட்டது என்று அறிய விரும்பினால், கண்ணைவிடக் காது பல வேளைகளில் முந்திக்கொள்கின்றது. இதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தைத் தருகின்றோம்.

படம் சொல்லாததை நாடா சொன்னது

கலிபோர்னியா மாநிலத்தின் சியரா நெவாடா மலைப்பகுதியில் லிங்கன் புல்வெளி என்றோர் இடம் உண்டு. சுற்றிவரக் காடு, நடுவே புல்லும் ஓர் ஓடையும். அங்கு மரம் தறிக்கவிருந்த நிறுவனம், எல்லா மரங்களையும் வெட்டப்போவதில்லை, தெரிந்தெடுத்த சிலவற்றையே வெட்டுவோம், காட்டுக்குச் சேதம் வராது என்று அயலவர்களிடம் கூறியது. பேர்னி குறோஸ் என்பவர் இசைக் கலைஞராக இருந்து பின் இயற்கை ஒலிகளைப் பதிவதையே தொழிலாகக் கொண்டவர். அவர் தறிப்புக்கு முன்னர், 1988 ஆனி மாதத்தில், விடியற்காலை அந்தப் புல்வெளியின் சத்தங்களைப் பதிந்து வைத்தார். நாடா நிறையக் குருவிகள்.

ஓர் ஆண்டு கழித்து, தறிப்பு முடிந்த பின், அதே மாதத்தில் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போனார். புகைப்படம் எடுத்துப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. புல் பச்சையாக நின்றது. பின்னால் மரங்களும் நின்றன. ஆனால் நாடாவில் கேட்டவை ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும் மட்டுமே. அதன் பின்னரும் பல ஆண்டுகளாகப் பதினைந்து தடவைகள் வரையில் போய்ப் பதிந்தார். பழைய சத்தம் திரும்பவில்லை.

நிறுவனம் அறிந்து பொய் சொன்னதா, அறியாமல் சொன்னதா என்பது வேறு விடயம். நாம் கவனிக்கவேண்டியது, படம் ஒரு சட்டத்துக்குள் அடங்கியதை மாத்திரம் காட்டுகின்றது என்பதையே. சத்தமோ மரத்தின் பின்னாலிருந்தும் புல்லின் அடியிலிருந்தும் இருளிலிருந்தும் வருகின்றது.

குறோஸ் இன்னொன்றையும் சொல்கின்றார். நல்ல நிலையிலுள்ள காட்டில் ஒவ்வோர் உயிரும் மற்றொன்றின் குரலை மூடாமல் தனக்கென ஓர் உயரத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்கின்றது என்பது அவர் வாதம். நல்ல வளவொன்றில் பனையும் முருங்கையும் கத்தரியும் ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று மறைக்காமல் நிற்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு தட்டு வெறுமையானால் இடைவெளி காதுக்குத் தெரிந்துவிடும்.

இதை நெல்வயலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். எங்கள் பகுதிகளில் அறக்கொட்டி எனப்படும் கபில நிறத் தத்தியைச் சிலந்தியும் தும்பியும் தவளையும் பிடித்துத் தின்கின்றன. கண்டபடி மருந்தடிக்கும்போது இவை முதலில் சாகின்றன. தத்தியின் முட்டைகளோ பயிரின் தாளுக்குள் தப்பிக் கிடந்து பொரிக்கின்றன. பிடித்துத் தின்ன ஆளில்லாத வயலில் தத்தி பெருகுகின்றது. சிலந்திக்குக் குரல் இல்லை. தவளைக்கும் சில்வண்டுக்கும் இருக்கின்றது. ஆகவே மருந்தடிக்கும் முன்னர் ஓர் இரவும், அடித்து ஒரு கிழமையின் பின் ஓர் இரவும், அடுத்த மாதம் ஓர் இரவும் ஒரே வரம்பில் பதிந்த மூன்று ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வயலில் என்ன நடந்தது என்பது ஓரளவு பிடிபடும். மழை பெய்த இரவையும் பெய்யாத இரவையும் மட்டும் ஒப்பிடவேண்டாம். மழையன்று தவளை கத்துவது மருந்தால் அல்ல.

இதில் வயது முதிர்ந்தவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது மிக உயர்ந்த, மெல்லிய சத்தங்களைத்தான். சில்வண்டின் சத்தம் அந்த வகையைச் சேர்ந்தது. “அந்தக் காலத்துப் பூச்சிகள் இப்போது இல்லை” என்று அப்பு சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், அப்புவின் காதாகவும் இருக்கலாம். பதிவைப் பேரப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

அகதியாக வந்தவரின் குருவிகள்

உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய குருவி ஒலிப்பதிவு 1889ஆம் ஆண்டுக்குரியது. ஜேர்மனியில் லுட்விக் கொக் என்ற சிறுவன் கூட்டில் வளர்த்த குருவியின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். அந்தக் குருவி எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. நூல்களில் சோலைப்பாடி என்று குறிக்கப்படும் அவ்வினம் வன்னிக் காடுகளிலும் பாடுகின்றது. நீண்ட வாலும் செம்மஞ்சள் வயிறும் கொண்டது. காடு வெட்டி வயல் கண்டவர்கள் கேட்டிருப்பார்கள்.

கொக் யூதர். ஹிட்லரின் ஆட்சியில் ஜேர்மனியில் இருக்கமுடியாத நிலை ஏற்பட்டு 1936இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புதிய நாட்டின் மொழி அவர் நாவில் இறுதிவரை சரளமாகப் புரளவில்லை. ஆனால் அந்த நாட்டுக் குருவிகளைப் பதிந்து பி.பி.சி. வானொலியில் கேட்கச் செய்தபோது ஆங்கிலேயர் தங்கள் வேலியோரத்துக் குருவிகளை அவர் மூலமாகவே கவனித்துக் கேட்கத் தொடங்கினர். சொந்த ஊரை இழந்தவர் வந்த ஊரின் சத்தத்தைப் பதிந்தார் என்பது எங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் செய்தி. காணிக்குத் திரும்பாதவர்களும் இருக்கும் இடத்திலேயே தொடங்கலாம்.

அக்காலத்தில் இந்த வேலை இலேசானதல்ல. 1935இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தினர் லூசியானாச் சதுப்புக் காட்டில் தந்தமூக்கு மரங்கொத்தி என்னும் பெரிய பறவையைப் பதியப் போனபோது, சேற்றில் லொறி போகாது என்று கருவிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் காடு பின்னர் தறிக்கப்பட்டது. 1944க்குப் பின் எல்லோரும் ஏற்கக்கூடிய சான்றுடன் எவரும் அப்பறவையைக் காணவில்லை. குரல் மட்டும் இருக்கின்றது.

இன்று வேண்டியவை

இன்று கழுதை வண்டி வேண்டாம். வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசியே போதும். நேரம்தான் முக்கியம். விடிய ஐந்தேகாலிலிருந்து ஆறரை வரையில் காற்று அடங்கியிருக்கும், வீதியும் ஓய்ந்திருக்கும், குருவிகளும் அப்போதுதான் ஒருங்கே குரல் கொடுக்கும். பூச்சிக்கும் தவளைக்கும் பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் போகலாம்.

தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். விரல் உரசுவதும் மூச்சும் முதலில் பதியும். பூவரசங் கவட்டிலோ கதிரையிலோ வைத்து, அழைப்பு வராதபடி நிறுத்திவிட்டு, இருபது முப்பது அடி தள்ளிப்போய் இருங்கள். காற்று நேரே ஒலிவாங்கியில் மோதினால் இடி முழங்குவதுபோலப் பதியும். மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்றால் அந்தத் துவாரத்தை மூடினால் பெரும்பகுதி குறையும். பேச்சைத் தெளிவாக்கவென்று மற்றச் சத்தங்களை இரைச்சல் எனத் தள்ளிவிடும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு. அதை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் சில்வண்டைத்தான் அது முதலில் தள்ளும்.

ஒரு குருவியை மட்டும் கிட்டவாகக் கேட்க விரும்பினால் விரித்த குடை ஒன்றின் உட்புறத்தைக் குருவிப் பக்கம் திருப்பி, தொலைபேசியின் ஒலிவாங்கியைக் குடைச் சீலையைப் பார்க்கும்படி காம்போடு பிடித்துப் பாருங்கள். தாச்சி போலக் குழிந்த பெரிய தட்டுகளை இதற்காகவே கோர்ணெல்காரர் 1932 முதல் பயன்படுத்தினர். குடை அவ்வளவு திறமாக வேலை செய்யாது, ஆனால் காசு செலவில்லை.

ஆகக் குறைந்தது பத்து நிமிடம் பதியுங்கள். தொடங்கும்போது உங்கள் வாயாலேயே இடம், திகதி, நேரம், மழையா வெயிலா, வயலில் என்ன பயிர் எந்தப் பருவத்தில் நிற்கின்றது என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாத பதிவு இரண்டு வருடத்தின் பின் எவருக்கும் உதவாது. அடுத்த மாதமும் அதே கவட்டில், அதே நேரத்தில்.

உழவு இயந்திரமோ கோயில் ஒலிபெருக்கியோ குறுக்கிட்டுவிட்டது என்று பதிவை அழிக்கவேண்டாம். இங்கிலாந்தில் ஒரு தோட்டத்திலிருந்து நைற்றிங்கேல் என்னும் இராக்குருவியின் பாட்டை 1924 முதல் வானொலியில் ஆண்டுதோறும் நேரடியாக ஒலிபரப்பி வந்தார்கள். 1942 வைகாசியில் குருவி பாடிக்கொண்டிருக்கையில் ஜேர்மனிக்குக் குண்டு போடப் போகும் விமானங்களின் இரைச்சல் மேலே எழுந்தது. எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று ஒலிபரப்பை நிறுத்தினார்கள். பதிவு மட்டும் ஓடியது. விமானங்கள் கடந்து போகின்றன, குருவி நிறுத்தவில்லை. விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு இந்தப் பதிவை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத காணிக்குள் எந்தக் குருவிக்காகவும் கால் வைக்கக்கூடாது. படைமுகாம்களுக்கு அண்மையில் கருவியுடன் நிற்பதும் புத்தியல்ல.

காது கண்டுபிடித்த ஆந்தை

எல்லாக் குருவிகளையும் படித்தவர்கள் பட்டியலிட்டு முடித்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1995இல் தீபால் வறகாகொட என்ற இலங்கைப் பறவையியலாளர் தெற்கே மழைக்காட்டில் இரவில் மென்மையான ஒரு குரலைக் கேட்டார். தாம் அறிந்த எந்தப் பறவையின் குரலும் அல்ல. ஆறு ஆண்டுகளாகக் குரலைப் பின்தொடர்ந்து, 2001 தையில் சிங்கராஜக் காட்டில் ஒரு சிறிய செந்நிற ஆந்தையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது உலகுக்கே புதிய இனமென அறிவிக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேலாக இலங்கையில் புதிய பறவை எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அவ்வளவு காலமும் அது சத்தமிட்டபடியேதான் இருந்திருக்கும்.

சத்தத்தோடு பெயரையும் பதிவது அவசரமான வேலை. புலுனி, செம்பகம், நத்து என்று யாழ்ப்பாணத்தில் வழங்கும் பெயர்கள் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வேறாக இருக்கலாம். ஆச்சியையோ பெத்தப்பாவையோ பக்கத்தில் இருத்தி, பதிவைப் போட்டுக் காட்டி, “இது என்ன, எப்போது கத்தும், கத்தினால் என்ன நடக்கும்” என்று கேட்டு, அவர்கள் சொல்வதை இன்னொரு பதிவாக வையுங்கள். ஊருக்கு இன்னும் போகமுடியாத குடும்பங்களில் காணியின் சத்தம் இருப்பது இவர்கள் வாயில்தான். குருவியைப்போலச் சத்தமிட்டுக் காட்டக்கூடியவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் செய்யச் சொல்லுங்கள்.

பதிந்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். குறோஸின் வீடு 2017 ஐப்பசியில் காட்டுத்தீயில் முற்றாக எரிந்தது. கருவிகளும் குறிப்புப் புத்தகங்களும் போயின. ஐம்பது வருட ஒலிப்பதிவுகளுக்கு வேறு இடத்தில் பிரதி இருந்தபடியால் அவை தப்பின. உங்கள் தொலைபேசியில் ஒன்று, வேறு ஊரிலுள்ள பிள்ளையிடமோ சகோதரத்திடமோ ஒன்று, ஊர்ப் பாடசாலையில் ஒன்று என வைக்கலாம். பழைய ஒலிநாடாக்கள் வீட்டில் கிடந்தால் ஈரமும் வெக்கையும் அவற்றை முடிக்கும் முன்னர் பிரதியெடுங்கள்.

தொடங்க நல்ல மாதம் ஐப்பசி. ஆறுமணிக் குருவி அப்போதுதான் இந்தியாவிலிருந்து வந்து சேரும். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இருமுறை விசிலடிப்பதுபோலக் கூப்பிடும். சித்திரைக்குள் போய்விடும். முதல் குரல் கேட்ட திகதியைப் பிள்ளையின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த வருடத் திகதியை அதன் கீழே எழுதுவதற்கு இடம் விட்டு.